குவாலிஸ் டீசல்: ஏற்றத்தில் மட்டும் ஆயில் கசிவு; டேப்பட் கவர் பேக்கிங்கைச் சரியாக மாற்றுவது எப்படி?

பெரியாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு வண்டிப்பெரியாற்றில் இருக்கிறது. ஏலக்காயைப் புற்றடிக்கும் போடிநாயக்கனூருக்கும் ஏலத்துக்குக் கொண்டுபோகவும், கம்பம், தேனி சென்று வரவும் 2003ஆம் ஆண்டு குவாலிஸ் டீசல் வண்டி ஒன்றை வைத்திருக்கிறோம். சமதளத்தில் ஓடும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதையில் சுமையோடு ஏறி வந்து நிறுத்தினால், ஆயில் கருகும் வாடை அடிக்கிறது. சிறிது நேரத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே தரையில் சொட்டு விழுகிறது.

வண்டியைக் காட்டிய பட்டறையில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் இன்ஜினுக்கு மேலேயுள்ள டேப்பட் கவரின் ஓரம் முழுவதும் ஈரமாகத்தான் இருக்கிறது. முன்பு ஒரு முறை அந்தக் கவரைக் கழற்றிய இடத்தில் சுற்றிலும் கறுப்பு சிலிக்கானைத் தாராளமாகப் பூசி மாட்டியிருக்கிறார்கள். இப்போதும் அது வெளியே பிதுங்கி நிற்கிறது.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கியர்பாக்ஸை இறக்காமலேயே உறுதிசெய்ய வழி உண்டா? கவர்தான் காரணம் என்றால், நானும் மைத்துனரும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள நினைக்கிறோம். சிலிக்கானைச் சுற்றிலும் பூச வேண்டுமா, போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், கடையில் மலிவாகக் கிடைக்கும் கார்க் பேக்கிங் போதுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கோட்டை டீசல்

தம்பி, கியர்பாக்ஸை இறக்கும் முடிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குவாலிஸில் இன்ஜின் நீளவாக்கில் அமர்ந்திருக்கிறது. முன்பக்கம் டைமிங் பெல்ட், பின்பக்கம் கிளட்ச். லோயர் கேம்ப்பை விட்டுக் குமுளி வரும்வரை வண்டியின் மூக்கு மேலேயும் வால் கீழேயும் இருப்பதால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டை நனைத்துவிட்டு, அடியிலுள்ள தொட்டியான ஆயில் பேனுக்குத் திரும்ப வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி, கவருக்குக் கீழேயுள்ள இன்ஜின் ஹெட்டின் பின்மூலையில் தேங்கும். அந்தப் பின்முனையில்தான் கவருக்கும் ஹெட்டுக்கும் இடையே அரைவட்டமாக ஒரு ரப்பர் அடைப்பு உட்கார்ந்திருக்கிறது. அது காய்ந்து சுருங்கியிருந்தால், சமதளத்தில் பேசாமல் இருந்துவிட்டு ஏற்றத்தில் கசியும். கசிந்த ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் மேல் விழுந்து, அதன் அடியில் சொட்டாகத் தொங்கும். கீழே நின்று மேலே பார்ப்பவர் கண்ணுக்கு அது கிராங்க் சீல் கசிவைப் போலவே தெரியும்.

ஆனால் ஏற்றத்தில் மட்டும் கசிகிறது என்பதை வைத்து கவர்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. ஏற்றத்தில் ஆயில் பேனிலுள்ள ஆயிலும் பின்பக்கம் ஒதுங்குமாதலால், தேய்ந்த கிராங்க் சீலும் அப்போதுதான் அதிகம் கசியும். ஆகவே சொட்டு விழும் இடத்தைப் பார்க்காமல், ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேட வேண்டும். ஆயில் கீழ்நோக்கி இறங்கும், காற்றடித்தால் பின்னோக்கிப் பரவும்; மேலேறிப் போகாது.

இன்ஜின் ஆறியிருக்கும்போது கவரின் ஓரம், ஹெட்டின் பின்முகம், பெல் ஹவுசிங்கின் மேற்புறம் ஆகியவற்றை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை அந்த இடங்களில் மெல்லியதாகத் தூவிவிட்டு, வழக்கமான சுமையோடு ஒரு முறை மலையேறி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஆயில் ஓடிய தடம் கோடு கிழித்ததுபோல் தெரியும். ஹெட்டின் பின்முகத்தில் தடம் இருந்தால் காரணம் மேலே இருக்கிறது. அது வெள்ளையாகவே இருந்து, பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் ஆயில் வந்தால், பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அந்த ஆயிலையும் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தகம்போல் காட்டமான வாடை வந்தால் அது கியர் ஆயில், இன்ஜினோடு அதற்குத் தொடர்பில்லை. டீசல் வாடை வந்தால் இன்ஜெக்டரின் மிச்ச டீசலைத் திருப்பியனுப்பும் சிறு குழாய்களைப் பாருங்கள். அந்தக் குழாய்கள் விரிசல் விட்டு டீசல் வழிந்து, பழைய அழுக்கோடு கலந்து கறுத்து நின்றால், ஆயில் கசிவு என்றே யாரும் நினைப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஜின் சூடான நிலையில் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் வயதான டீசல் இன்ஜினுக்கு அது இயல்புதான். தூக்கி எறியப்பட்டால், பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று பெருமளவில் கீழிறங்கி உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அல்லது கவரிலிருந்து காற்று உறிஞ்சும் குழாய்க்குப் போகும் பிரீதர் ஹோஸ் அடைபட்டிருக்கிறது. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போல் உறிஞ்சும் வெற்றிடம் வலுவாக இருப்பதில்லை. உள்ளழுத்தம் வெளியேற அந்த ஹோஸ் ஒன்றுதான் வழி. அது அடைபட்டுக் கிடக்கும்போது எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் ஆயில் வேறோர் இடம் தேடிக் கசியும்.

கொழிஞ்சாம்பாறை

மேலே அண்ணன் சொன்ன சோதனையில் கவர்தான் என்று தெரிந்தால், மாற்றும் வேலை கடினமானதல்ல. பொறுமை மட்டும் வேண்டும். வேலையில் பெரும்பங்கு சுத்தம் செய்வதுதான், மாட்டுவதற்குக் கொஞ்ச நேரமே ஆகும்.

கவரைத் திறப்பதற்கு முன்பே சுற்றுப்புறத்தைக் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண் நேராக கேம் ஷாஃப்ட் மேல் விழும். போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய சிலிக்கான் பிடித்துக்கொண்டு கவர் வராவிட்டால், ஸ்குரூ டிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பக் கூடாது. அலுமினிய முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், புதுப் பேக்கிங்கும் அங்கே கசியும். கவரின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலாலோ மரக்கட்டையாலோ மெல்லத் தட்டினால் விட்டுவிடும்.

திறந்தவுடன், ஆயில் கீழே இறங்கும் துளைகளின் மேல் நூல் உதிராத சுத்தமான துணியை விரித்துவிட்டுத்தான் சுரண்டத் தொடங்க வேண்டும். உங்கள் வண்டியில் முன்பு சிலிக்கானை அள்ளிப் பூசியிருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வெளியே பிதுங்கி நிற்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் பேனுக்கு இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டால் கசிவைவிடப் பெரிய செலவு வந்து சேரும். கவரின் உட்புறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். சுரண்டுவதற்கு பிளாஸ்டிக் தகடு அல்லது சீவிய மூங்கில் பட்டை நல்லது. இரும்பு பிளேடு வேண்டாம். கடைசியில் இரண்டு முகங்களையும் பிரேக் கிளீனராலோ தின்னராலோ துடைத்து, விரல் வைத்தால் வழுக்காத நிலைக்குக் கொண்டுவாருங்கள். பேக்கிங் உட்காரும் பள்ளத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கவர் கோணியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தடித்த கண்ணாடியின் மேல் அதைக் கவிழ்த்து, சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தால் போல்ட் துளைகளைச் சுற்றித்தான் வளைந்திருக்கும். தகட்டுக் கவர் என்றால் மரக்கட்டையை அண்டக் கொடுத்துத் தட்டி நேராக்கலாம். வார்ப்புக் கவரில் தட்டக் கூடாது. சிறிய மேடு பள்ளமாக இருந்தால் கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து அதில் தேய்த்துச் சமப்படுத்தலாம், அதற்கும் மேல் கோணியிருந்தால் மாற்றுவதுதான் வழி.

இனி நீங்கள் கேட்ட சிலிக்கான். வார்த்தெடுத்த ரப்பர் பேக்கிங்குக்கு அது சுற்றிலும் தேவையில்லை, பூசினால் கெடுதல்தான். ரப்பர் தன் இடத்தில் பிடித்து நின்று, அழுத்தத்தில் நசுங்கி அடைக்க வேண்டிய பொருள். உலராத சிலிக்கான் அதன் அடியில் வழுவழுப்பாக இருப்பதால், போல்ட்டை முறுக்கும்போது ரப்பர் பள்ளத்தைவிட்டு உள்ளேயோ வெளியேயோ நழுவிவிடும். சிலிக்கான் தேவைப்படுவது மூலைகளில் மட்டும்: கேம் ஷாஃப்ட்டின் முன்பக்கப் பிடிப்பு ஹெட்டோடு சேரும் இணைப்புக் கோட்டிலும், பின்பக்க அரைவட்ட அடைப்பின் இரு முனைகளிலும். அந்த இடங்களில் மூன்று பாகங்கள் ஒன்றாகச் சந்திப்பதால் ஒரு நுண்ணிய இடைவெளி விழுகிறது. ரப்பரால் அந்தக் கூரிய மூலைக்குள் நுழைய முடியாது. ஒவ்வோர் இடத்திலும் பச்சைப்பயறு அளவுக்கு வைத்தால் போதும். அரைவட்ட ரப்பரைப் புதிதாகப் போடும்போது, அது உட்காரும் வளைவில் மட்டும் மெல்லிய படலமாகப் பூசி அழுத்துங்கள்.

கடையில் அனபாண்ட் என்று கேட்டாலே சிலிக்கான் தருவார்கள். ஆயிலையும் வெப்பத்தையும் தாங்கும் இன்ஜின் வகைதானா என்று குழாயில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் ஆயிலில் ஊறி இளகிவிடும். வைத்த சில நிமிடங்களுக்குள் கவரை மாட்டிவிட வேண்டும். மேலே தோல் படிந்த பிறகு மாட்டினால் ஒட்டாது. இந்த வகைச் சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது என்பதால், உங்கள் ஊர் மழைக்காலம் அதற்குப் பகையல்ல. குளிரில் மெதுவாக இறுகும், அவ்வளவுதான். ஆனால் மலைக்காலையில் குளிர்ந்த உலோகத்தின் மேல் பனித்திவலை படிந்திருக்கும். பூசுமுன் அதைத் துடைத்துவிடுங்கள். மாட்டிய பின் ஒரு முழு நாள் இன்ஜினைத் தொடாமல் விடுவது நல்லது.

கூடலூர் பட்டறை

கொழிஞ்சாம்பாறை நண்பர் சொல்வது கம்பெனிப் பேக்கிங்குக்குச் சரி. எங்கள் பக்கம் வரும் பழைய வண்டிகளுக்கு எல்லா நேரமும் அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வாங்கத் தயங்குகிறார்கள். கார்க் பேக்கிங்கைக் குறைத்துப் பேச வேண்டாம் என்பது என் கருத்து. ஷெல்லாக் (அரக்குப் பசை) பூசி கார்க் போட்ட கவர்கள் எத்தனையோ வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் கசியாமல் ஓடுகின்றன. ஆனால் அதைப் போடும் முறை வேறு. ரப்பரைப் போல் அதைப் போட்டுவிட்டு, கசிகிறது என்று சொல்வதில் நியாயமில்லை.

கார்க் பேக்கிங்கைக் கவர் பக்கத்தில் மட்டும் ஷெல்லாக்கோ பசையோ தடவி ஒட்டி, சமதளத்தில் கவிழ்த்துப் பாரம் வைத்து உலரவிட வேண்டும். ஹெட் பக்கத்தில் எதுவும் ஒட்டாமல் மெல்லியதாக கிரீஸ் தடவினால் போதும். அடுத்த முறை திறக்கும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடு வந்துவிடும். கடையில் நெடுநாள் தொங்கிக் காய்ந்த கார்க் சுருங்கியிருக்கும். போல்ட் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் அதை வாங்காதீர்கள். கார்க் முதல் சில சூட்டில் அமுங்கிக்கொடுக்கும் என்பதால், சில நாள் ஓடிய பின் இன்ஜின் ஆறியிருக்கும்போது போல்ட்டுகளை ஒரு சுற்று பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கம் குறைந்த போல்ட்டை முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்; அதற்கு மேல் முறுக்கினால் கார்க் பிளந்துவிடும்.

செங்கோட்டை டீசல்

கூடலூர்க்காரர் கார்க் பற்றிச் சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; அந்தக் காலத்து அம்பாசடரையும் பத்மினியையும் நாங்கள் அப்படித்தான் அடைத்தோம். ஆனால் அந்தக் கவர்களின் முகம் தட்டையானது. ரப்பருக்கென்று பள்ளம் வெட்டிய கவரில் கார்க் போட்டால் அது பள்ளத்தின் இரு கரைகளில் மட்டும் தாங்கி நிற்குமே தவிர, முழு அகலத்துக்கும் அழுந்தாது. பள்ளம் இருந்தால் ரப்பர், தட்டையாக இருந்தால் இரண்டில் எதுவும் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரையிலோ கோட்டயத்திலோ சொல்லிவைத்தால் ரப்பர் பேக்கிங் வந்துவிடும். அரைவட்ட அடைப்பும் போல்ட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்களும் சேர்ந்த செட்டாகவே கேளுங்கள்.

அந்த வாஷர்களைப் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. பழைய கவர்கள் பேக்கிங் மாற்றிய பிறகும் கசிவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். இந்த வகைப் போல்ட்டுகளில் பலவற்றுக்கு நடுவே ஒரு தோள் உண்டு. தோள் ஹெட்டில் போய் முட்டியவுடன் போல்ட் நின்றுவிடும். அதற்குப் பிறகு கவரை அழுத்துவது ரப்பர் வாஷரின் தடிமன் ஒன்றே. வாஷர் காய்ந்து தட்டையாகிவிட்டால், போல்ட் கல்லாக இறுகியிருக்கும், கவரோ கையால் அசைத்தால் அசையும். இறுகவில்லை போலிருக்கிறது என்று மேலும் முறுக்குபவர் அலுமினியத்திலுள்ள மறையை (போல்ட் சுற்றி ஏறும் வரிகளை) பிய்த்துக்கொள்வார்.

முறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். ஆறு மில்லிமீட்டர் மறை கொண்ட இத்தகைய கவர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 நியூட்டன் மீட்டருக்குள்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியின் பழுதுநூலில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மாட்டும் பெரிய டார்க் ரெஞ்ச் இந்தச் சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. சின்ன ரெஞ்ச் இல்லையென்றால், பத்தாம் நம்பர் டி ஸ்பேனரின் தண்டை இரண்டு விரலால் பிடித்து, மணிக்கட்டு பலத்தைக் கொடுக்காமல் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். மாட்டியவுடன் பின்பக்கத்தில் விரலை விட்டோ சிறு கண்ணாடியைக் காட்டியோ, ரப்பர் பள்ளத்தை விட்டுப் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தில்தான் அது நழுவும்.

பெரியாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. பவுடர் சோதனையில் ஹெட்டின் பின்முகத்தில், அரைவட்ட அடைப்பின் இடது முனையிலிருந்து கீழே தெளிவாகத் தடம் இறங்கியிருந்தது. மூடியைத் தலைகீழாக வைத்துப் பார்த்ததில் லேசாக நடுங்கியதே தவிர, தள்ளப்படவில்லை. கவரைத் திறந்தோம். பழைய அரைவட்ட ரப்பரை மாற்றாமலேயே அதன் மேல் சிலிக்கானைப் பூசியிருக்கிறார்கள். ரப்பர் நகத்தால் கீற முடியாத அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. பிரீதர் ஹோஸின் உள்ளே கரிப்பசை படிந்து பாதி வழி அடைபட்டிருந்தது, அதையும் கழுவிவிட்டோம். கவரில் பள்ளம் இருப்பதால் ரப்பர் செட் வாங்கி வந்திருக்கிறேன்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். பின்பக்கத்துப் போல்ட் துளை ஒன்றில் மறை போயிருக்கிறது. போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் பெரிய போல்ட்டாகப் போட்டு முடித்துவிடலாமா?

கொழிஞ்சாம்பாறை

பெரிய போல்ட் வேண்டாம். கவரின் துளையும் ரப்பர் வாஷரும் பழைய போல்ட்டின் அளவுக்குச் செய்யப்பட்டவை. கவரைத் துளைத்துப் பெரிதாக்கினால் அந்த வாஷர் அடைக்காது. முதலில் துளையின் ஆழத்தை ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். போல்ட் எட்டாத அடிப்பகுதியில் நல்ல மறை மிச்சமிருந்தால், தோள் இல்லாத போல்ட்டாக இருக்கும்பட்சத்தில் சற்றே நீளமான போல்ட் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது அடியில் முட்டக் கூடாது, முட்டினால் இறுகியது போல் ஏமாற்றும்.

அடியிலும் மறை இல்லையென்றால் ஹெலிகாயில் எனப்படும் கம்பிச்சுருள் மறை போடுவதே நிலையான வழி. லேத் பட்டறைகளில் அதற்கான டேப்பும் சுருளும் இருக்கும்; வண்டியை நகர்த்த முடியாத நிலையில் ஆள் வந்தும் போட்டுத் தருவார்கள். துளையிடும்போது கேம் ஷாஃப்ட்டையும் ஆயில் துளைகளையும் துணியால் முழுவதும் மூடி, டிரில் பிட்டின் பள்ளங்களில் கெட்டி கிரீஸை அப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். அலுமினியத் துகள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள், துகள் கேம் ஷாஃப்ட்டின் பிடிப்புகளுக்குள் பறந்துபோகும். காந்தம் அலுமினியத்தை இழுக்காது என்பதால், மிச்சத் துகளை கிரீஸ் தடவிய குச்சியால் ஒற்றி எடுங்கள். சுருளின் அடியிலுள்ள சிறு நாக்கை உடைத்து விடுவார்கள். அது துளைக்குள் கிடக்காமல் கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே போல்ட்டை ஏற்றுங்கள்.

செங்கோட்டை டீசல்

அந்தப் போல்ட் பின்மூலையிலுள்ளது என்பதால், அதைச் சரிசெய்யும் முன் புதுப் பேக்கிங்கை மாட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு முறை அழுந்திய மூலைச் சிலிக்கானைத் திரும்பவும் சுரண்ட வேண்டியிருக்கும். மறை வேலை முடியும்வரை கவரைச் சும்மா மேலே வைத்து, மழைச்சாரலும் தூசியும் படாமல் துணி போட்டு மூடிவையுங்கள். மாட்டியபின் ஆயில் அளவைப் பார்த்து, முதல் நாள் சுமையில்லாமல் குட்டிக்கானம் வரை ஒரு முறை ஏறி வாருங்கள். அங்கே வண்டியை நிறுத்தி அதே பின்முகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்த ஆயில் மாற்றும் நேரத்தில் ஆயில் பேனையும் இறக்கி, பழைய சிலிக்கான் துண்டுகள் சல்லடையில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.